சொட்டக்கா வீட்டுக் குளியலறை

அந்தக் குடியிருப்பில் அவளுக்குச் சொட்டக்கா என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெயரை மட்டும் கேள்விப்பட்டு வருகிறவர்கள் வழுக்கைத் தலையோடு ஓர் அம்மாளை எதிர்பார்த்துக் கதவைத் தட்டுவார்கள். திறப்பவளோ இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலை அள்ளி முடிந்தபடி வந்து நிற்பாள். எங்காவது குழாய் சொட்டுகிற சத்தம் காதில் விழுந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் உள்ளே போய்த் திருகி அடைத்துவிட்டு வருவாள். பெயர் வந்தது அதனால்தான். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், அழுதுகொண்டிருந்த அம்மாளின் முதுகைத் தடவிக்கொடுத்தவள் நடுவில் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயை இறுக்கிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஆறுதலைத் தொடர்ந்தாளாம்.

வேலை, நகரசபை நீச்சல்குளத்தில் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது. அங்கே முதலில் அவள் சேர்ந்தது உடைமாற்றும் அறைகளைக் கழுவித் துடைக்கத்தான். அப்போது முழங்கால் அளவுத் தண்ணீரைக் கண்டாலே பயம். கூட்டமெல்லாம் போன பிறகு குளத்தின் ஆழமில்லாத மூலையில் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் செய்ததைப் பார்த்த நினைவில் கையையும் காலையும் அடித்து அடித்துத் தானாகவே நீந்தப் பழகினாள். பிறகு பரீட்சை எழுதி ஆசிரியையும் ஆனாள். பகலெல்லாம் மார்பளவு தண்ணீரில் நிற்கிறவளுக்கு வீட்டில் ஒரு குவளை வீணானால் பொறுக்காது.

"பிழைப்பும் தண்ணியில, கவலையும் தண்ணியப் பத்தி. உனக்கு ஒரு செவுள் மட்டும்தான் முளைக்கல" என்பார் அவளுடைய கணவர்.

அவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடியலில் போய்விட்டு மதியம் திரும்பும்போது புருவம், காது மடல், மூக்கின் நுனி என்று எங்கும் மாவு அப்பியிருக்கும். பேச்சில் நகைச்சுவை, குணத்தில் பஞ்சு. அவள் ஒன்று சொன்னால் தலையாட்டிவிட்டு, பிறகு மெதுவாக அதைக் கிண்டல் செய்வார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

குடியிருப்பில் தண்ணீர்த் தகராறு இருந்தது உண்மைதான். மொட்டைமாடித் தொட்டி சாயங்காலத்துக்குள் வற்றிவிடும். மேல்மாடியில் இருந்த தையற்காரர் கடையிலிருந்து களைத்து வந்து, கீழே இருந்து குடம் குடமாகப் படியேற்றுவார். பின்னாலேயே அவருடைய சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு சொம்போடு ஏறும். அதைப் பார்த்துப் பார்த்துச் சொட்டக்காவுக்கு மனசு ஆறவில்லை. குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, தண்ணீரை மிச்சம் பிடிக்கும் புதுக் கழிப்பறைத் தொட்டிகளையும் ஷவர்களையும் எல்லா வீட்டிலும் மாட்டியே தீர வேண்டும் என்று பேசினாள். அவள் பேசினால் தீர்மானம் நிறைவேறாமல் போகாது. இந்த முறையும் நிறைவேறியது.

பொருத்த வந்தவர் பொறுமைசாலி. முதலில் சொட்டக்கா வீட்டில்தான் வேலையை ஆரம்பித்தார். கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் திறந்து மிதவையைக் காட்டினார்.

"இந்த அளவுக்குத் தண்ணி நிக்கும்கா. கம்பெனிக்காரங்களே வச்ச அளவு."

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க தம்பி."

"வேணாம்கா. இதுவே கம்மிதான்."

"இறக்குங்கன்னா இறக்குங்க. எல்லா வீட்லயும் இதே அளவுதான். அப்புறம் ஷவருக்கு அடியில இருக்கிற அந்தக் கீழ்க்குழாயையும் அடைச்சிடுங்க. அது இருந்தா ஜனங்க வாளிய வச்சுத் திறந்து விட்டுட்டு டிவி பாக்கப் போயிடுவாங்க."

அவர் ஒரு பெருமூச்சு விட்டு மிதவையை இறக்கினார். கீழ்க்குழாயைக் கழற்றி ஒரு மூடியைத் திருகி அடைத்தார். சொட்டக்கா அன்று சாதித்துவிட்ட திருப்தியில் வீட்டிலிருந்த இரண்டு வாளிகளையும் மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்ச் செடி நட்டாள்.

மதியம் ரொட்டிக்காரர் குளிக்கப் போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, மேல வால்வைத் திறந்தியா?"

"எல்லாம் திறந்துதான் இருக்கு."

"ஒண்ணும் வரலையே."

"வரும்ங்க. மென்மையா வரும்."

"வருது வருது. யாரோ பக்கத்துல நின்னு தும்மின மாதிரி இருக்கு."

புது ஷவரின் துளைகள் ஊசிமுனை அளவு. அதிலிருந்து வந்தது தண்ணீர் என்று சொல்வதைவிட ஈரக்காற்று என்று சொல்லலாம். சாதாரண மனிதர்களுக்கு அது எரிச்சலோடு போயிருக்கும். மாவு அப்பிய மனிதருக்கு வேறு கதை. மாவும் தூறலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ரொட்டிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே வந்தவரின் காதுக்குப் பின்னால் பிசைந்த மாவு பிசுபிசுத்தது. தலைமுடி கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் ஈஸ்ட் இருந்தா இப்படியே வெயில்ல நின்னுடுவேன். சாயங்காலம் காதுக்குப் பின்னால ரெண்டு பன் உப்பி வந்துடும்" என்றார்.

சொட்டக்கா சிரித்துக்கொண்டே ஈரத்துண்டால் துடைத்துவிட்டாள். நாள் போகப் போகப் பழகிவிடும் என்று சொன்னாள். பழகவில்லை. தலையிலிருந்து மாவை உரித்தெடுக்க அவர் தினமும் ஒரு சீப்போடு உள்ளே போகத் தொடங்கினார்.

கழிப்பறையின் பாடு இன்னும் மோசம். அதில் சின்னப் பொத்தான் ஒன்று, பெரிய பொத்தான் ஒன்று. சின்னதை அழுத்தினால் தண்ணீர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பெரியதை அழுத்தினால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போகும். போக வேண்டியது மட்டும் போகாது. தொட்டி மறுபடி நிறையும்வரை உள்ளேயே நின்று காத்திருந்து, மறுபடி அழுத்தி, மறுபடி காத்திருக்க வேண்டும். செல்போன் கடையில் வேலை பார்க்கும் மகள் காலையில் பஸ்ஸைத் தவறவிட்டுத் தவறவிட்டுக் கடைசியில் ஒருநாள் அழமாட்டாத குறையாகக் கேட்டாள்.

"அம்மா, மூணு தடவ அழுத்தினா பழைய தொட்டியவிட அதிகமாத்தானே தண்ணி போகுது?"

"நீ அழுத்துற விதம் சரியில்ல. நிதானமா அழுத்தணும்" என்றாள் சொட்டக்கா.

சொல்லும்போதே அவளுக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. ஏனென்றால் அவள் வீட்டில் எதையும் அழுத்துவதே இல்லை. ஷவரைப் பொருத்திய வாரமே, அத்தனை நீள முடியை அந்தத் தூறலில் அலசப் பார்த்துப் பாதி நுரையோடு வெளியே வந்தவள், அடுத்த நாள் ஷாம்பு பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நீச்சல்குளத்து ஷவர் பழைய காலத்துத் தடித்த இரும்புக் குழாய். திறந்தால் பிடரியில் அருவி மாதிரி விழும். அது குளத்துத் தண்ணீர், வீட்டுத் தண்ணீர் இல்லை என்று மனதுக்குள் ஒரு நியாயத்தையும் தயார் செய்து வைத்துக்கொண்டாள். மற்ற காரியத்துக்காகவும் காலையில் முன்னதாகவே கிளம்பிவிடுவாள். எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறவளைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் மற்ற ஊழியர்களிடம், "கடமைன்னா டீச்சரப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். சொட்டக்கா அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளை நெருடியது ஒரே ஒரு விஷயம். ஒருநாள் வாசலில் அண்டை வீட்டார் நாலைந்து பேர் கூடி நின்று புது ஷவரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் படியேறி வருவதை அவர்கள் பார்க்கவில்லை. ரொட்டிக்காரர் நடுவில் நின்று, "எங்க வீட்ல அருமையா வருதே. மழையில நனையிற மாதிரி இருக்கு. உங்களுக்குத் திறக்கத் தெரியல" என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்படிப் பேசும்போது அவருடைய இடது காது மடலில் காய்ந்த மாவு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தனக்காகத்தான் மனிதர் இப்படிக் கூசாமல் புளுகுகிறார் என்று சொட்டக்காவுக்குத் தெரிந்தது. அன்றே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். கூட்டத்தில் முழங்கிய முழக்கமெல்லாம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. பையன் அதே கடையில் வேலை செய்கிறவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் சந்தித்துப் பேசுவது மட்டும் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பையன் தன் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தான். அப்பா ரயில்வே கார்டு. ஆள் வாட்டசாட்டம், அயர்ன் கலையாத சட்டை, அளந்து பேசும் பேச்சு. அம்மா அதற்கு நேர்மாறு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்த பேச்சை நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் முடிக்கவில்லை.

ரொட்டிக்காரர் தன் கையாலேயே கேக் செய்து வைத்திருந்தார். டீ வந்தது. பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கார்டு மகனிடம் குனிந்து ஏதோ கேட்டார். மகன் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினான். அவர் எழுந்து போனார்.

சொட்டக்காவின் கண் குளியலறைக் கதவின்மேலேயே இருந்தது. சாதாரண விஷயமாகத்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். நேரம் போனது. பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி. தொட்டி நிறையும் 'உஸ்ஸ்' என்ற சத்தம். மறுபடி பொத்தான். மறுபடி 'உஸ்ஸ்.'

"வெயில் இந்த வருஷம் ஜாஸ்திதான்" என்றார் ரொட்டிக்காரர் சத்தமாக.

"ஆமாமா, ரொம்ப ஜாஸ்தி" என்றாள் சொட்டக்கா அதைவிடச் சத்தமாக.

மறுபடி பொத்தான். இந்த முறை சின்னதும் பெரியதும் சேர்ந்து. மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பையன் கூரையைப் பார்த்தான். அவன் அம்மா மட்டும் ஒன்றுமே நடக்காததுபோலக் கேக்கை ருசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் குளியலறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. "தம்பி" என்று ரகசியக் குரலில் கார்டு கூப்பிட்டார். ரகசியம் என்று அவர் நினைத்தது கூடம் முழுக்கக் கேட்டது. "ஒரு வாளி தண்ணி கிடைக்குமான்னு கேளுப்பா."

வாளி ஏது? வாளிகளில் இப்போது செடி இருந்தது. ரொட்டிக்காரர் ஒரு நொடி யோசித்தார். சமையலறைக்குள் ஓடி, வீட்டில் மாவு பிசைய வைத்திருந்த பெரிய அலுமினியப் பேசினில் தண்ணீரைப் பிடித்தார். ததும்பும் பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சம்பந்தியம்மாவைப் பார்த்து ஒரு புன்னகையும் செய்துவிட்டு, கூடத்தின் குறுக்கே நடந்துபோய்க் கதவிடுக்கில் நீட்டினார். உள்ளே 'தொபீர்' என்று ஒரே சத்தம். அவ்வளவுதான். வாரக்கணக்கில் அந்த வீட்டுக் கழிப்பறை அத்தனை கச்சிதமாக வேலை செய்ததில்லை.

கார்டு வெளியே வந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"வண்டி கொஞ்சம் லேட். சிக்னல் கிடைக்கல."

முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். அவர் சிரித்த சிரிப்பில் கேக் துணுக்கு எகிறியது. பிறகு மகள், பையன், ரொட்டிக்காரர் என்று கூடமே குலுங்கியது. கார்டும் தோள் குலுங்கச் சிரித்தார். சொட்டக்கா மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "நான் வந்ததும் உள்ள கை கழுவப் போய் ஷவரத் திறந்தப்பவே பாத்தேன் சம்பந்தி. அந்த ஷவர்ல வர்றது எனக்கே போதாது, எனக்கு இருக்கிறது எலிவால். நீங்க இவ்ளோ முடிய அதுல எப்படித்தான் அலசுறீங்க?"

கேட்டவர் மனதில் கபடம் இல்லை. ஆனால் எல்லோருடைய பார்வையும் சொட்டக்காவின் கூந்தல்மேல் போய் நின்றது. அது பட்டுப்போலப் பளபளவென்று இருந்தது. சமாளிக்க அவளுக்கு ஆயிரம் வழி இருந்தது. கணவரின் முகத்தைப் பார்த்தாள். விருந்தாளிகளுக்காக அவர் அன்று வெகுநேரம் குளித்திருந்தார். அப்படியும் காதோரம் ஒரு வெள்ளைக் கோடு.

"நான் வீட்ல குளிக்கிறதே இல்ல" என்று போட்டு உடைத்தாள். "குளத்துலயே குளிச்சிட்டு வந்துடுறேன். மத்ததும் அங்கதான். நீங்க எல்லாரும் இங்க கஷ்டப்படுறது தெரிஞ்சும் வாயத் திறக்கல."

ரொட்டிக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இந்த வீட்ல தினமும் சப்பாத்தி ஆனது நான் ஒருத்தன்தானா?"

"ஆமாங்க."

"நான் ஊரெல்லாம் மழை மாதிரி வருதுன்னு புளுகிட்டுத் திரியிறேன்!"

"அது எனக்குத் தெரியுமுங்க. அன்னிக்குப் படியில நின்னு கேட்டேன்."

அவர் கோபப்படப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு அப்படியே வெடித்துச் சிரித்து, சிரிப்பு தாங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டார். "நான் பாட்டுக்கு அப்பாவியா சீப்பு வச்சு மாவ வாரிக்கிட்டு இருக்கேன், இவ அருவியில நிக்கிறா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சொட்டக்காவுக்கும் அடக்க முடியவில்லை. வாரக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதற்குமேல் அது சம்பந்தம் பேச வந்த வீடாக இல்லை. கார்டு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "அந்தத் தொட்டியத் திறந்து பாக்கலாமா?" என்றார். அவர் திறப்பதற்குள் சொட்டக்காவே முன்னால் போய் மூடியைத் தூக்கினாள். "பாக்க ஒண்ணுமில்ல. நான்தான் இறக்கச் சொன்னேன். மாட்ட வந்தவர் வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டார்" என்று சொல்லி, கையை உள்ளே விட்டு, மிதவையைக் கம்பெனி வைத்திருந்த பழைய அளவுக்கே ஏற்றினாள். தொட்டி நிறைந்ததும் பெரிய பொத்தானை அழுத்தினாள். 'சளார்' என்று போனது. குளியலறை வாசலில் கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கீழ்க்குழாயைத் திறக்க ஸ்பேனர் வேண்டியிருந்தது. மகள் மேல்மாடிக்குப் போய்த் தையற்காரரை ஸ்பேனரோடு அழைத்துவந்தாள். விஷயத்தைக் கேட்ட தையற்காரர் நெளிந்தார்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. நானும் பசங்களும் கடைக்குப் பின்னால இருக்கிற குழாயடியிலதான் குளிக்கிறோம்."

"என்ன சொல்றீங்க? உங்களுக்காகத்தானே இத்தனையும் செஞ்சேன்! இப்ப மேல தண்ணி வருதா இல்லையா?"

"வருதுக்கா. தொட்டி ராத்திரி வரைக்கும் நெறஞ்சே கெடக்கு. ஆனா அது குழாய விட்டு எங்க மேல விழ மாட்டேங்குதே! உங்க மனசு நோகுமேன்னு சொல்லல."

மறுபடி ஒரு சிரிப்பலை எழுந்தது. மூடியைக் கழற்றிப் பழைய குழாயை மாட்டித் திருகியதும் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் செருமிக்கொண்டு கொட்டியது. மொட்டைமாடியிலிருந்து ஒரு செடியை மட்டும் வேறு பூந்தொட்டிக்கு மாற்றி வாளியைக் கொண்டுவந்தார்கள். அடியில் ஆணியால் போட்டிருந்த துளையை ரொட்டிக்காரர் மெழுகு வைத்து அடைத்தார். விருந்தாளிகள் இன்னும் கிளம்பவில்லை என்பதையும் மறந்து, ஒரு வாளி தண்ணீரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும், "ஹாஆஆ" என்று அவர் விட்ட சத்தம் கீழ்வீடுவரை கேட்டதாம். வாளியில் கால்பங்கு மிச்சமிருக்கும்போதே சுத்தமாகி வெளியே வந்தார். காதுக்குப் பின்னால் சொட்டக்கா விரலால் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். அதற்குப் பதில் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஒருவர் தினமும் தங்கை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாராம். ஒரு தம்பதி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, ஒரு நாள்கூட எடையைத் தூக்காமல் குளிக்க மட்டும் போய்வந்தார்களாம். கீழ்வீட்டு அம்மாள் மட்டும், "எனக்கு ஷவர் பிடிச்சிருந்துச்சு. குழந்தை அதுல அழாமக் குளிச்சான்" என்றார். அவர் வீட்டு ஷவர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். மற்ற வீடுகளில் மிதவைகள் ஏறின, கீழ்க்குழாய்கள் திறந்தன, ஆளுக்கொரு வாளி என்று பேச்சாயிற்று. யாராவது வாளியை நிரம்பி வழியவிட்டு டிவி பார்க்கப் போனால் சொட்டக்கா வருவாள் என்ற பயம் போதுமானதாக இருந்தது. தையற்காரர் அதற்குப் பிறகு குடம் தூக்கவில்லை.

கல்யாணம் எளிமையாக, கலகலப்பாக நடந்தது. கேக்கை ரொட்டிக்காரர்தான் செய்தார். அடுத்த வாரம் சொட்டக்கா வேலைக்குப் போனபோது, நீச்சல்குளத்து வாசலில் புது நீச்சலுடை மேல் ஒரு பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கும் சொல்லிக்குடுங்க சம்பந்தி. அவர் ரயில்லயே ஊர் சுத்துறாரு, நான் தண்ணியிலயாவது சுத்துறேன்."

"பயமா இருக்குமே, பரவாயில்லையா?"

"பயமாத்தான் இருக்கு. நீங்க பக்கத்துல நின்னா போதும்."

ஆழமில்லாத மூலையில் சொட்டக்கா அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் உள்ளங்கையை விரித்துத் தாங்கினாள். சம்பந்தியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாயை மட்டும் மூடவில்லை. மகன் சின்ன வயதில் சோறு தின்னப் படுத்திய பாடு, கார்டு ஒருமுறை கொடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனது என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. பேச்சு மும்முரத்தில் உடம்பு தளர்ந்தது. சொட்டக்கா மெதுவாகக் கையை எடுத்தாள். சம்பந்தியம்மா மிதந்துகொண்டே பேசினார், பேசிக்கொண்டே மிதந்தார், குளத்தின் நடுப்பக்கம் மெல்ல விலகிப் போனார். சொட்டக்கா பக்கத்திலேயே நடந்துகொண்டு, "ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.